12×10 அறையில் முதல் ஸ்டீரியோ: காசை எதில் போடுவது?

முத்துநகர்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஒழுங்காக உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறேன். இந்த விஷயத்துக்கு நான் புதியவன். ஊர் தூத்துக்குடி, கடற்கரைக்குப் பக்கம்.

அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், உயரமும் 10 அடி. மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ், சுற்றிலும் சிமெண்ட் பூச்சுச் சுவர். இடப்பக்கச் சுவரை ஒட்டி ஸ்டீல் பீரோ, வலப்பக்கம் ஜன்னல். கையில் இருப்பவை: மாமா கொடுத்த ஒரு ஜோடி பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் (6.5 அங்குல வூஃபர், 8 ஓம், பின்னால் 86 டெசிபெல் என்று போட்டிருக்கிறது), சேனலுக்கு 20 வாட் தரும் ஒரு ஆம்ப், லேப்டாப், டிவி, கேபிள் செட்டாப் பாக்ஸ். ஸ்பீக்கர்கள் இப்போது தரையில், மூலைக்கு ஒன்றாக இருக்கின்றன. சோபா எதிர்ச்சுவரை ஒட்டி.

தொல்லைகள் இவை. எந்தப் பாட்டைப் போட்டாலும் பேஸ் ஒரே மாதிரி 'பொம்' என்கிறது. பாடுபவர் குரல் நடுவில் நிற்பதில்லை. சத்தம் கூட்டினால் இடப்பக்க வூஃபர் கரகரக்கிறது. அதன் ஓரத்து ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. டிவியை ஆம்பில் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது. ஆம்பின் இரும்பு மூடியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இழுக்கிறது.

40,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். விசாரித்த இடங்களில் 100 வாட் ஆம்ப் வாங்கு, விலை உயர்ந்த ஸ்பீக்கர் கேபிள் போடு என்கிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப் ஒன்றும் விலைக்கு வருகிறது. பின்னால் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. எதை முதலில் செய்வது?


அறையொலி

நல்வரவு. அறையின் அளவையும் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தையும் முதலிலேயே எழுதியது நல்லது. பொதுவாக இவற்றைக் கேட்டு வாங்குவதற்கே நாலு பதிவு போய்விடும். மின்சாரம், ஃபோம் பற்றி ஈயப்பற்று எழுதுவார். நான் அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதிய முதல் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் அறைதான். அவற்றை எந்த ஆம்பும் தீர்க்காது.

எதிரெதிர் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி போய் வரும்போது, அந்த இடைவெளிக்கு ஏற்ற ஒரு சுருதியில் அறையே சேர்ந்து ஒலிக்கும். கணக்கு சுலபம்: ஒலியின் வேகத்தை இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் போதும். உங்கள் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 12 அடி, அதாவது 3.66 மீட்டருக்கு 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். உங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57இல் இரண்டு ஒலிப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. போதாததற்கு ஸ்பீக்கர் தரை மூலையில். மூன்று திசை ஒலிப்பும் உச்சத்தில் இருப்பது மூலையில்தான். அங்கே வைத்த ஸ்பீக்கர் மூன்றையும் முழு பலத்தோடு கிளப்பும். சுவரோடு ஒட்டிய சோபாவில் உட்கார்ந்தால் காதும் இன்னொரு உச்சத்தில் இருக்கிறது. எல்லாப் பாட்டிலும் ஒரே 'பொம்' கேட்பது இதனால்தான்.

இடமாற்றத்துக்குப் பத்துப் பைசா செலவில்லை. 10 அடிச் சுவரின் முன் ஸ்பீக்கர்களை வையுங்கள், நீளவாட்டில் கேளுங்கள். ட்வீட்டருக்கு ட்வீட்டர் (உச்சச் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) 180 செ.மீ. அப்போது பக்கச் சுவருக்கு இருபுறமும் 62 செ.மீ. மிஞ்சும். ஸ்பீக்கரின் முன்முகம் பின்சுவரிலிருந்து 85 செ.மீ. தள்ளி இருக்கட்டும். உங்கள் தலை, சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 140 செ.மீ. முன்னால், அகலத்தில் மிகச் சரியாக நடுவில். இந்த 140 என்பது அறை நீளத்தில் 38 சதவீதம். தொடங்குவதற்கு நல்ல இடம், முடிவான இடமல்ல. பாதி நீளத்தில் மட்டும் உட்காராதீர்கள், அங்கே 48 ஹெர்ட்ஸ் அடியோடு காணாமல் போகும். இப்படி வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் காதுக்கும் சுமார் 170 செ.மீ. தூரம் வரும். 180க்குப் பக்கம்தான், முக்கோணம் கிட்டத்தட்டச் சமமாகிவிடும்.

85, 62 என்று வேறுவேறு அளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. வூஃபரிலிருந்து சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு சுருதியில் நேரொலியை அழிக்கும். சுவருக்கு உள்ள தூரத்தின் நாலு மடங்கால் 349ஐ வகுத்தால் அது கிடைக்கும்: 85 செ.மீ.க்கு 103 ஹெர்ட்ஸ், 62 செ.மீ.க்கு 141. இரண்டு தூரமும் ஒன்றாகிவிட்டால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து, அந்த ஸ்வரமே பாட்டில் இருக்காது.

ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும், உட்கார்ந்த நிலையில் அது 95 முதல் 100 செ.மீ. ஸ்டாண்ட் வாங்கும் வரை ஹாலோ பிளாக் போதும்: 40×20×20 செ.மீ. கல் ஒன்றை நிமிர்த்தி, அதன்மேல் இன்னொன்றைப் படுக்கவைத்தால் 60 செ.மீ. கல்லுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 5 மி.மீ. ரப்பர் ஷீட். சின்னப் பிள்ளைகள் ஓடும் வீடாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், அகலமான அடிப்பலகை உள்ள ஸ்டாண்டே வேண்டும்.

அடுத்தது எதிரொலி. அறை நடுவில் நின்று கை தட்டுங்கள். 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால் எதிரெதிர்ச் சுவர்கள் பந்து விளையாடுகின்றன. பக்கச் சுவரில் ஒருவரை ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரச் சொல்லுங்கள்; உங்கள் இருக்கையிலிருந்து எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கேதான் பஞ்சுப் பலகை வேண்டும். 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் ஸ்லாப், மரச் சட்டத்தில் அடைத்து, மெல்லிய பருத்தித் துணியால் நாலு பக்கமும் மூடி. ஊதிப் பாருங்கள், காற்று புகுகிற துணியாக இருக்க வேண்டும். சுவரிலிருந்து 5 செ.மீ. விட்டு மாட்டினால் இன்னும் கீழ்ச்சுருதி வரை உறிஞ்சும். மழைக்காலத்தில் பின்னால் பூஞ்சையும் பிடிக்காது. வெட்டும்போது கையுறை, முகமூடி அவசியம், அந்த நார் தோலில் ஏறினால் அரிக்கும்.

முட்டை அட்டை, ஒரு அங்குல ஸ்பாஞ்ச் இவற்றில் காசைப் போடாதீர்கள். 57 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளமே ஒன்றரை மீட்டர். மெல்லிய பொருள் அதைத் தொடவே தொடாது. மெல்லிய பொருளை அறை முழுக்க ஒட்டினால் உச்சச் சுருதி மட்டும் செத்து, பொம் அப்படியே நின்று, அறை முன்னைவிட மோசமாகும். பவானி ஜமுக்காளத்துக்கும் இதே கதைதான்: தரைக்கு அழகு, டைல்ஸ் பளீரிடுவதைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. ஆனால் வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை பரணில் கிடந்தால் இறக்குங்கள். நாலு அங்குல மெத்தையை மூலையில் செங்குத்தாக நிறுத்தினால் குரல் பகுதியில் நன்றாகவே வேலை செய்யும்.

பீரோவை மறக்க வேண்டாம். 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோன் ஒன்றை ஓடவிட்டு, காதைப் பீரோ பக்கம் வையுங்கள். கதவு, உள் தட்டு, சாவி வளையம், எது எந்தச் சுருதியில் அதிர்கிறது என்று தெரியும். கதவு விளிம்பில் ஃபெல்ட் பட்டை ஒட்டினால் அடங்கும். பீரோவை அறையின் பின்பாதிக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இப்போது இடப்பக்கம் இரும்பு, வலப்பக்கம் ஜன்னல் என்று இரண்டு காதுக்கும் இரண்டு அறை.

100 வாட் ஆம்ப் பற்றி ஒரு கணக்கு. 86 டெசிபெல் என்பது 1 வாட்டில் 1 மீட்டரில். 20 வாட் என்றால் 13 டெசிபெல் கூடும், இரண்டு ஸ்பீக்கருக்கு 3 கூடும், 1.7 மீட்டர் தூரத்துக்குச் சுமார் 4.6 குறையும். உச்சத்தில் 97 டெசிபெல் வருகிறது. இந்த அறைக்கு அது ஏராளம். 100 வாட்டுக்குப் போனால் கிடைக்கும் கூடுதல் வெறும் 7 டெசிபெல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல்; சத்தம் 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். காது போனால் மாற்ற உதிரி பாகம் இல்லை.


ஈயப்பற்று

வாங்க தம்பி. ஆம்ப் மூடியில சுருக்குன்னு இழுக்குதுன்னு கடைசியா எழுதியிருக்கீங்க, அதுதான் முதல் வேலை. அது முடியுற வரைக்கும் ஆம்ப் பிளக்கைப் பிடுங்கி வைங்க.

லேப்டாப் சார்ஜர், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாத்துலயும் எஸ்எம்பிஎஸ்னு ஒரு பவர் சப்ளை சர்க்யூட் இருக்கு. அதுல ஃபில்டருக்காகச் சின்னக் கப்பாசிட்டர் வழியா மெயின்ஸ்ல இருந்து பாடிக்கு ரொம்பக் கொஞ்சமா கரண்ட் கசியும். எர்த் சரியா இருந்தா அது அங்கேயே இறங்கிடும். எர்த் இல்லேன்னா, ஒண்ணோட ஒண்ணு கேபிளால கோத்த எல்லாப் பெட்டியும் சுமார் 115 வோல்ட்ல மிதக்கும், நீங்க தொடும்போது உங்க வழியா இறங்கும். சாதாரணமா அது 1 மில்லி ஆம்பியருக்கும் கீழதான், சுருக்குன்னு மட்டும் இருக்கும். ஆனா ஆம்ப் டிரான்ஸ்பார்மர்ல இன்சுலேஷன் போயிருந்தாலும் தொடக்கத்துல இதே மாதிரிதான் தெரியும். கையால தொட்டு ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்த மூணு பின் சாக்கெட்டுல மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சுல வெச்சு மூணு அளவு எடுக்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் (கரண்ட் வர்ற முனை) நியூட்ரலுக்கும் 230 பக்கம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. ஃபேஸ்-எர்த் அளவு நூத்துச் சொச்சத்துல ஆடுச்சுன்னா எர்த் ஒயர் எங்கயோ சேரவே இல்ல. கடலோர ஊர்ல எர்த் குழியில கம்பி உப்புக் காத்துக்கு அரிச்சுப் போறதும் சகஜம். எர்த் சரியான பிறகும் இழுத்தா ஆம்பை மெக்கானிக்கிட்ட கொடுத்து இன்சுலேஷன் பார்க்கணும்.

இனிமே ஹம். இதுக்கு யாராவது எர்த் பின்னை வெட்டுன்னு சொல்வாங்க. ஹம் போகும்தான், கூடவே உங்களைக் காப்பாத்துற ஒயரும் போகும். செய்யவே கூடாது. அதுக்குப் பதிலா இப்படித் தேடுங்க. வால்யூமைச் சைபர்ல வெச்சு, இன்புட் கேபிள் எல்லாத்தையும் கழட்டுங்க. அப்பவும் ஹம் இருந்தா கோளாறு ஆம்புக்குள்ள, பெரும்பாலும் வயசான ஃபில்டர் கப்பாசிட்டர். கொஞ்சம் கரகரப்போட 100 ஹெர்ட்ஸ்ல கேக்கும். ஹம் போயிடுச்சுன்னா ஒவ்வொரு கேபிளா மாட்டிக்கிட்டே வாங்க. உங்க விஷயத்துல டிவி மாட்டினதும் வருது. செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால திருகியிருக்குற கேபிள்காரர் ஒயரைக் கழட்டிப் பாருங்க. ஹம் சட்டுனு நின்னா காரணம் புரிஞ்சிருச்சு: அந்த ஒயரோட ஷீல்டு தெருவுல வேற இடத்துல எர்த் ஆகியிருக்கு, உங்க வீட்டு எர்த்தோட சேர்ந்து ஒரு வளையம் ஆகுது, அதுல 50 ஹெர்ட்ஸ் ஓடுது.

தீர்வு ரெண்டு. கேபிள் ஒயர்ல கால்வானிக் ஐசொலேட்டர் ஒண்ணு போடலாம். இல்லேன்னா டிவியில இருந்து ஆப்டிகல் கேபிள் எடுத்து ஒரு டாக் (டிஜிட்டல் சிக்னலை ஆம்புக்கு ஏத்த ஆடியோவா மாத்துற பெட்டி) வழியா ஆம்புக்குப் போங்க. கண்ணாடி மாதிரி இழையில ஒளி மட்டும்தான் போகுது, கரண்டுக்கு வழியே கிடையாது. நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன், அதே டாக்ல யூஎஸ்பி இன்புட்டும் இருந்தா லேப்டாப்புக்கும் ஆகும். டிவி செட்டிங்ல டிஜிட்டல் அவுட்டைப் பிசிஎம்னு (சுருக்காத சாதா டிஜிட்டல் ஆடியோ) மாத்தணும். டால்பின்னு விட்டா ஸ்டீரியோ டாக்குக்கு அது புரியாது, சத்தமே வராது இல்லேன்னா இரைச்சல் கொட்டும். லேப்டாப்ல யூஎஸ்பி வழியா இரைச்சல் வந்தா சார்ஜரைக் கழட்டி பேட்டரியில ஓட்டிப் பாருங்க, நின்னா அதுவும் இதே வளையம்தான்.

கரண்ட் போயி இன்வெர்ட்டர்ல ஓடும்போது ஆம்ப் 'கர்ர்'னு உறுமினா பயப்பட வேண்டாம், சதுர அலை இன்வெர்ட்டர்ல டிரான்ஸ்பார்மர் அப்படித்தான் கத்தும். சைன் அலை இன்வெர்ட்டர் இல்லேன்னா அந்த நேரம் ஆம்பை அணைச்சிடுங்க.

ஜப்பான் ஆம்ப்: 230ல நேரா சொருகினா ஒரு நொடியில புகைதான். 230ல இருந்து 100க்கு இறக்குற டிரான்ஸ்பார்மர் வேணும், ஆம்போட பின்பலகையில போட்டிருக்குற வாட்டுக்கு ரெண்டு மடங்கு விஏ திறனோட. '50/60 ஹெர்ட்ஸ்'னு எழுதியிருக்கான்னும் பாருங்க. 60 மட்டும்னா 50ல கோர் சூடாகும். வாங்குற எந்தப் பழைய ஆம்புக்கும் இன்னொரு சோதனை: ஸ்பீக்கர் மாட்டாம, பாட்டு ஓடாம, ஸ்பீக்கர் முனையில மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வைங்க. 50க்குள்ள இருந்தா நல்லது. 100ஐத் தாண்டினா அதுல ஸ்பீக்கர் மாட்டக் கூடாது. ஆன் பண்ணி சில நொடி கழிச்சு உள்ள ரிலே 'டக்'னு விழுதான்னும் கேளுங்க, எல்லா ஆம்புலயும் இருக்காது, இருந்தா நல்லது.

ஃபோம். உதிர ஆரம்பிச்சுட்டா அந்த ஸ்பீக்கரை இனி ஓட்டாதீங்க. காயில் நடுவுல நிக்காம காந்தத்துல உரசும், உரசினா காயிலே போயிடும், அப்புறம் ஃபோம் மாத்தியும் பிரயோஜனம் இல்ல. வலப்பக்கமும் அதே வயசு, சேர்த்தே மாத்துங்க. 6.5 இன்ச்னு மட்டும் சொல்லி ஃபோம் வாங்கினா பொருந்தாது. கோனோட வெளி விட்டம், ஃபோம் ஒட்டுற உள் விட்டம், பிரேம்ல ஒட்டுற வெளி விட்டம், மூணையும் மில்லிமீட்டர்ல அளந்துக்கோங்க. சென்னை ரிச்சி தெருவுல கேட்டுப் பாருங்க, ஆன்லைன்லயும் வருது. ஃபோமுக்குப் பதிலா ரப்பர் சரவுண்டு (ஓர வளையம்) கிடைச்சா உப்புக் காத்துக்கு ரொம்ப வருஷம் தாங்கும், ஆனா ஃபோமை விட கனம், கம்பெனி வெச்ச டியூனிங் மாறும். நான் ஃபோமே போடச் சொல்வேன்.

வூஃபரைக் கழட்டும்போது பிளஸ் முனையில சிவப்புப் புள்ளி வைங்க. பழைய பிசினை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவா எடுக்கணும், கோன் காகிதம் ஊறக் கூடாது. ஸ்பீக்கருக்குன்னு வர்ற வெள்ளைப் பிசின் போதும். ஃபெவிக்விக் மாதிரி உடனே இறுகுறது வேண்டாம், காஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆகி ஓரம் வெடிக்கும். முதல்ல ஃபோமைக் கோன்ல ஒட்டிக் காய விடுங்க. அப்புறம்தான் பிரேம்ல. அந்த ரெண்டாவது ஒட்டு ஈரமா இருக்கும்போதே 30 ஹெர்ட்ஸ் டோனை ரொம்பச் சின்னச் சத்தத்துல ஓட்டி, கோனை விரல் நுனியால இப்படி அப்படி நகர்த்தி, உரசல் சத்தம் இல்லாத இடத்துல நிறுத்துங்க. இந்த ஒரு படியில அவசரப்பட்டா மொத்த வேலையும் வீண். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

பெட்டி திறந்திருக்கும்போதே கிராஸ்ஓவர்ல (வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் சுருதியைப் பிரிச்சு அனுப்புற சர்க்யூட்) இருக்குற எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரை ஒரு காலைக் கழட்டி அளந்துடுங்க. எழுதியிருக்குற மதிப்புல இருந்து 20 சதவீதத்துக்கு மேல விலகினா மாத்தணும். நான்-போலார்தான் போடணும், அதே மைக்ரோஃபேரட், 100 வோல்ட். சாதாரண போலார் வெச்சா கெட்டுடும், வெடிக்கவும் வாய்ப்பு உண்டு.

ஸ்பீக்கர் ஒயருக்குக் கணக்கு சொல்றேன். 5 மீட்டர் தூரம், போய் வர 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர்ல மொத்தத் தடை 0.12 ஓம் கூட வராது, உங்க 8 ஓம்ல 1.5 சதவீதம்தான். ஹார்டுவேர் கடையில விக்கிற மல்டிஸ்ட்ராண்டு செம்பு ஒயர் போதும். கடலோரத்துல பிரச்சினை முனைதான்: பச்சை ஏறினா ஒரு செ.மீ. வெட்டிப் புதுசா உரிச்சு மாட்டுங்க.


வலந்தலை

வணக்கம், நல்வரவு. அளவுக் கருவிக்குப் போகும் முன் காதாலேயே பார்த்துவிடக்கூடியவை சில உண்டு.

முதலில் போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ் சரியாக மாட்டியிருக்கிறதா என்பது. ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு வூஃபரும் வெளியே தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் கம்பி மாறியிருக்கிறது. ஃபோம் மாற்றிய பிறகு இதைக் கட்டாயம் செய்யுங்கள், கழற்றிய இடத்தில்தான் மாறும். ஒன்று தலைகீழாக இருந்தால் பேஸ் சுரத்தில்லாமல் போகும், குரல் தலைக்குள் எங்கேயோ சுற்றும்.

அடுத்து ஒரு மோனோ பாட்டு. 1960களின் தமிழ்த் திரைப்பாடல் எதையும் எடுங்கள், எல்லாம் மோனோ பதிவுகள். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றே வருவதால், இரண்டுக்கும் சரியாக நடுவில், வெறுங்காற்றில் ஒரு புள்ளியாகப் பாடகர் நிற்க வேண்டும். இடம் வலம் அகலமாகப் பரவினால் தூரம் சமமில்லை, அல்லது பக்கச் சுவர் கெடுக்கிறது. நூல் பிடித்து அளந்து, ஒரு செ.மீ. அளவில் சரிசெய்யுங்கள். பிறகு ஸ்பீக்கர்களை உங்களை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். குரல் இறுகி வரும். அளவுக்கு மேல் திருப்பினால் ஸ்டீரியோ பாட்டில் அகலம் சுருங்கி, 'ச' எழுத்து உறுத்தும். அங்கிருந்து ஒரு விரல் பின்வாங்குங்கள்.

பேஸுக்கு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போல ஒரு சோதனை கிடையாது. தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்கி, அதாவது கையை அழுத்தி இழுக்கும் கீழ்ச்சுருதி ஒலி, வழுக்கிக்கொண்டு மேலேறும்போது அது ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வீங்கி, அடுத்த இடத்தில் மறைந்தால் அறை தலையிடுகிறது. வலந்தலையில் (வலப்பக்கம்) சாப்பு என்ற அடி விழும்போது தோலும் விரலும் தனியாகக் கேட்க வேண்டும். அந்த அடியைத் தொடர்ந்து சின்ன 'ட்ரிங்' வந்தால் அறையொலி சொன்ன கண்ணாடி வேலை பாக்கி.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள். அரை டெசிபெல் கூடுதலாக ஓடுவது சத்தமாகத் தோன்றாது, 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். கடைகளில் நடக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இதனாலேயே செல்லாதவை. ஒரு டோனை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட்டை அளந்து இரண்டையும் சமமாக்கினால் போதும்.


முத்துநகர்

மூவருக்கும் நன்றி. சாக்கெட்டில் எர்த் சேரவே இல்லை. எலக்ட்ரீஷியன் புதிதாக ஒயர் இழுத்துவிட்டார், இப்போது தொட்டால் ஒன்றுமில்லை. கேபிள்காரர் ஒயரைக் கழற்றினதும் ஹம் நின்றது, ஆப்டிகல் உள்ள டாக் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். ஃபோமும் கப்பாசிட்டரும் மாற்றியாகிவிட்டது. சொன்ன அளவில் வைத்துப் பார்த்தேன்: மோனோ குரல் நடுவில் நிற்கிறது, பொம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கும்கி மட்டும் ஓரிடத்தில் இன்னும் வீங்குகிறது. நண்பரிடம் மினிடிஎஸ்பி யூமிக்-1 மைக் வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருளில் அளந்தேன். 57 ஹெர்ட்ஸில் 11 டெசிபெல் மேடு, 48இல் 3 டெசிபெல், 104 பக்கம் 9 டெசிபெல் பள்ளம். எல்லாவற்றையும் ஈக்வலைசரில் சமமாக்கிவிடலாமா?


அறையொலி

மேட்டைக் குறைக்கலாம். பள்ளத்தை நிரப்பக் கூடாது.

57இல் மிஞ்சியிருப்பது தரைக்கும் கூரைக்கும் நடுவேயான ஒலிப்பு. அகலத்தின் நடுவில் உட்கார்ந்து, ஸ்பீக்கர்களையும் சமதூரத்தில் வைத்ததால் அகல ஒலிப்பு அடங்கிவிட்டது. பாதிக்கு மேல் குறைந்தது அதனால்தான். கூரையை நகர்த்த முடியாது, எனவே இங்கே ஈக்வலைசர் நியாயமானது. லேப்டாப்பில் விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். அதில் ஒரு பாராமெட்ரிக் ஃபில்டர் (ஒரு சுருதியை மட்டும் குறிவைத்து ஏற்றி இறக்குவது): 57 ஹெர்ட்ஸ், மைனஸ் 8 டெசிபெல், க்யூ (ஃபில்டர் எவ்வளவு குறுகல் என்ற அளவு) 5. 48ஐ அப்படியே விடுங்கள். ஃபில்டருக்குப் பின் மறுபடி அளந்து, வாட்டர்ஃபால் வரைபடத்தில் (ஒவ்வொரு சுருதியும் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுவது) 57இன் வால் குட்டையாகியிருக்கிறதா என்று பாருங்கள். உச்சமும் குறைந்து வாலும் குறைந்தால் ஃபில்டர் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. வால் அப்படியே இருந்தால் 56, 58 என்று ஒவ்வொரு ஹெர்ட்ஸாக நகர்த்திப் பாருங்கள்.

104இல் உள்ள பள்ளம் பின்சுவரிலிருந்து திரும்பும் ஒலி, 85 செ.மீ.க்கு வந்த 103தான் அது. அங்கே 9 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப் எட்டு மடங்கு வாட் கொடுக்கும், அந்தச் சுருதியில் வூஃபரும் அந்த அளவுக்கு உழைக்கும், சுவரும் அதே அளவு கூடுதலாகத் திருப்பி அனுப்பி மறுபடி அழிக்கும். ஸ்பீக்கரை நகர்த்துவதுதான் வழி. 70 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் பள்ளம் 125க்குப் போகும். அதற்கும் கீழே இறங்கி 62ஐ நெருங்க வேண்டாம், பக்கச் சுவரின் பள்ளத்தோடு சேர்ந்துவிடும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் சுவரில் 100 மி.மீ. ராக்வூல் வைத்து அளந்து பாருங்கள், அந்தச் சுருதியில் ஆழம் ஓரளவு குறையும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாமல், ஒன்றைச் செய்து அளந்த பிறகு மற்றது.

மைக் காது இருக்கும் இடத்தில், காது உயரத்தில் இருக்கட்டும், சோபா முதுகில் ஒட்டாமல். அதன் கேலிப்ரேஷன் ஃபைலை (அந்த மைக்கின் பிழையைத் திருத்தும் கோப்பு) ஏற்றிவிட்டீர்களா என்று சரிபாருங்கள். இந்த அறையில் ஏறக்குறைய 270 ஹெர்ட்ஸுக்கு மேல் ஈக்வலைசரால் திருத்த முயல வேண்டாம். தலையை ஒரு சாண் நகர்த்தினாலே அங்கே வரைபடம் மாறிவிடும்.


ஈயப்பற்று

மிச்சக் காசை இப்போ செலவு பண்ண வேண்டாம் தம்பி. அந்த 20 வாட் ஆம்பையே டிசி ஆஃப்செட் (முன்னாடி சொன்ன ஸ்பீக்கர் முனை மில்லிவோல்ட் சோதனை) பார்த்துட்டு ஓட்டுங்க. டாக் வந்ததும் டிவியைப் பிசிஎம்ல வெச்சு, கேபிள் ஒயரை மறுபடி மாட்டி ஹம் வருதான்னு எழுதுங்க. டிவிக்கும் ஆம்புக்கும் போட்டிருந்த பழைய ஆர்சிஏ கேபிளை டிவியில இருந்து முழுசாக் கழட்டணும், அது தொங்கிக்கிட்டு இருந்தா வளையம் அப்படியேதான் இருக்கும்.